எழுத்தாளர்களின் கடிதங்களும் புகைப்படங்களும்: வேலூர் வட்டாரத்தில் நீங்கள் நேரில் கண்டவற்றைப் பகிருங்கள்

வாலாசா வாசகர்:

இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் கண்ட காட்சி இன்னும் மனத்தை விட்டு நீங்காததால் இதை எழுதுகிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இதழ்களில் கதை எழுதிவந்த நம் வட்டாரத்து எழுத்தாளர் ஒருவரின் வீடு விற்கப்பட்டபோது, பரணில் இருந்தவை எல்லாம் அப்படியே எடைக்குப் போடப்பட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்தக் காலத்தில் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி ஆணியில் மாட்டிவைப்பார்கள் அல்லவா? அப்படிக் கம்பி கம்பியாகக் கடிதங்கள் வந்திருந்தன. கடைப் பையன் கம்பியின் வளைவை நிமிர்த்தி, கடிதங்களை ஒரே இழுப்பில் உருவிக் காகிதக் குவியலில் போட்டுவிட்டு, கம்பியை இரும்புக் குவியலில் எறிந்தான். காகிதத்துக்கு ஒரு விலை, இரும்புக்கு வேறு விலை. அடுத்து ஆல்பத்தைக் கையில் எடுத்தான். கறுப்பு அட்டைக்கு எடை உண்டு, அதில் ஒட்டியிருந்த படங்களுக்கு இல்லை. புகைப்படத் தாளை ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்வதில்லையாம். ஆகவே ஒவ்வொரு படத்தையும் நகத்தால் நெம்பி எடுத்துக் குப்பைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். நான் பதறிப்போய்க் கேட்டதும் கடைக்காரர், "லெட்டருக்கு எடை போட்டுக்கறேன் சார், போட்டோவுக்குக் காசே வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

அகப்பட்டதை எல்லாம் எடுத்து வந்து, கடிதங்களைத் தேதி வாரியாகக் கோப்புகளில் அடுக்கியிருக்கிறேன். படங்களில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. வேலூர்க் கோட்டை அகழியின் கைப்பிடிச் சுவரருகே நான்கு பேர் நிற்கிறார்கள். படத்தின் பின்புறம் இடமிருந்து வலமாக மூன்று ஆண்களின் பெயர்கள் பென்சிலில் உள்ளன. நான்காவதாக நிற்கும் பெண்மணியின் இடத்தில் பெயர் இல்லை, ஒரு சிறு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருக்கிறது. அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பள்ளி ஆசிரியை இவர்தானோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதுபோல நீங்கள் கண்டவற்றை எழுதுங்கள்.

கோட்டைவெளி:

ஐயா, நீங்கள் அந்த நேரத்தில் அந்தக் கடை வழியே சென்றது தமிழுக்குச் செய்த உதவி. ஆனால் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பியில் குத்திய கடிதங்களுக்கு அந்தக் கம்பியே வரிசை. அடியில் இருப்பது முதலில் வந்தது, மேலே இருப்பது கடைசியில் வந்தது. தேதி இல்லாத கடிதம் எந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவில் இருந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லிவிடும். பையன் உருவிப் போட்ட பிறகும் எல்லாம் போய்விடவில்லை. துளை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, துருவின் வட்டம் எவ்வளவு பெரியது, அடுத்த தாளின் மை எதன் முதுகில் ஒற்றியிருக்கிறது என்று பார்த்தால் எந்தக் கடிதம் எந்தக் கம்பியைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கோப்பில் எந்த மாற்றமும் செய்வதற்கு முன் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மெல்லிய பென்சிலால் ஓர் எண் இட்டுவிடுங்கள்.

என்னுடைய அனுபவத்தையும் சொல்கிறேன். காலஞ்சென்ற ஒரு கவிஞரின் வீட்டுக்கு, அவருடைய வாழ்க்கைக் குறிப்புக்காகச் சென்றிருந்தேன். அவருக்கும் ஓர் இதழாசிரியருக்கும் 1968இல் மனத்தாங்கல் ஏற்பட்டது என்றும், அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை என்றும் குடும்பத்தில் அனைவரும் உறுதியாகச் சொன்னார்கள். நட்பு முறிவதற்கு முன் வந்த கடைசிக் கடிதம் என்று ஓர் இன்லண்டு லெட்டரையும் காட்டினார்கள். தேதி இல்லை, அஞ்சல் முத்திரை மங்கிப்போயிருந்தது. ஆனால் முகவரியில் வேலூருக்குப் பக்கத்தில் 632 என்று தொடங்கும் ஆறு இலக்கங்கள் இருந்தன. அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்டு 15ஆம் நாள். நான் அதைச் சொன்னதும், எழுபது வயதைத் தாண்டிய மூத்த மகன் கடிதத்தை வாங்கி அந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ அத்தனை வருஷமும் அப்பா அவரோட பேசிக்கிட்டுத்தான் இருந்தாரா?" என்றார். வீட்டில் அதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

தேதியற்ற கடிதங்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். தபால்தலையின் மதிப்பு அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. நயா பைசா என்ற குறிப்பு இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் வெளியானது. இன்லண்டு லெட்டரே 1950இல்தான் நம் நாட்டில் வந்தது. அலுவலகத் தாளின் தலைப்பில் 'தமிழ்நாடு அரசு' என்று அச்சிடப்பட்டிருந்தால் பெரும்பாலும் 1969 சனவரிக்குப் பிந்தையது. முகவரியில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்தால் 1989ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினைக்குப் பிந்தையது. ஆனால் வெறும் 'வ. ஆ. மாவட்டம்' என்று இருப்பதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், ஏனெனில் நம் பெரியவர்கள் பிரிவினை நடந்து பல ஆண்டுகள் கழித்தும் அப்படியேதான் எழுதினார்கள். எழுத்துச் சீர்திருத்தமும் அவ்வாறே. 1978 அரசாணையை அச்சகங்கள் ஏற்றுக்கொண்ட பிறகும், கையெழுத்தில் பழைய ணை, லை, னை நெடுங்காலம் நீடித்தன. பழைய தபால்தலையை வாங்கி வைத்திருந்து பல மாதங்கள் கழித்து ஒட்டியவர்களும் உண்டு. ஆகவே ஒரே ஒரு சான்றை நம்பிக் காலத்தைக் குறிக்காமல், இரண்டு மூன்று சான்றுகள் ஒத்துவரும்போது மட்டும் குறியுங்கள்.

படத்தில் உள்ள பெண்மணியைப் பற்றி ஒரு சொல். பாரதியின் படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்துதான். ரா. அ. பத்மநாபன் போன்றவர்கள் பாரதியோடு பழகியவர்கள் உயிரோடு இருந்தபோதே தேடித் திரிந்து தொகுத்ததால்தான், 1957இல் 'சித்திர பாரதி' வெளிவர முடிந்தது. பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அந்தப் படத்தைக் கோட்டைக்குப் பக்கத்துத் தெருக்களில் வாழும் முதியவர்களிடம் காட்டுங்கள்.

ஆயாவின் பேத்தி:

என் ஆயா பேரணாம்பட்டில் ஆசிரியையாக இருந்தவர். சென்னையில் இருந்த ஒரு நாவலாசிரியருக்கு வாசகியாகக் கடிதம் எழுதத் தொடங்கி, அவர் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பதில்கள் ட்ரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில், வசம்பு போட்ட துணியில் சுற்றப்பட்டு இருந்தன.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். மரியாதை தெரிந்தவர், படித்தவர், அந்த நாவலாசிரியரின் எழுத்தில் ஒரு வரியையும் விடாதவர். கூடத்தில் பாய் விரித்து ஆயா ஒவ்வொரு கடிதமாகப் பிரித்து வைக்க, அவர் அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஒரு கடிதம் வந்தபோது ஆயா தாளைத் தரையில் வைக்காமல் தம் கையிலேயே பிடித்துக்கொண்டார். கட்டை விரல் இரண்டு வரிகளை மறைத்திருந்தது. "பாட்டி, விரலைக் கொஞ்சம் எடுங்க" என்றார் ஆய்வாளர். "அது உனக்கு எழுதினது இல்லப்பா" என்றார் ஆயா. கோபமோ வெட்கமோ அந்தக் குரலில் இல்லை. அவர் விரலோடு சேர்த்தே படம் எடுத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தோம்.

என்னை இன்றுவரை உறுத்துவது இதற்குப் பின் நடந்தது. ஆய்வாளர் அந்த நாவலாசிரியரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். ஆயா என்ன எழுதினார், எதைக் கேட்டதற்கு அந்தப் பதில்கள் வந்தன என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் பாதுகாத்து வைத்தார் என்பதையும், கி. ராஜநாராயணன் பத்திரப்படுத்தியதால்தான் கு. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்தன என்பதையும் நாம் பெருமையோடு பேசுகிறோம். கடிதம் என்பது வந்து சேர்ந்த வீட்டில்தான் தங்குகிறது. எங்கள் ஆயா சென்னைக்கு எழுதியவை அந்த நாவலாசிரியர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். நானே அவர் குடும்பத்தாரிடம் கேட்டேன். வாசகர் கடிதங்கள் என்று மூட்டையாகக் கட்டிவைத்திருந்ததை வீடு மாறும்போது கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையில் அவருக்கு எழுதியவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

குடியாத்தம் பைண்டர்:

பைண்டிங் தொழில் செய்கிறவன். பெரிய ஆராய்ச்சி எதுவும் எனக்குத் தெரியாது, கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கவிஞர் ஒருவரின் மகன், தந்தைக்கு வந்த கடிதங்களைப் பாதுகாப்பதாக எண்ணிக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து, பிறகு அவற்றைப் புத்தகமாகக் கட்டித்தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். அவற்றில் ஓர் இன்லண்டு லெட்டர், மடித்த மடிப்பைப் பிரிக்காமலேயே பிளாஸ்டிக்குக்குள் போயிருந்தது. மேலே முகவரி தெரிகிறது. உள்ளே எழுதியிருப்பது நிழலாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறது. "அண்ணே, இதைத் திறந்து குடுத்துட முடியுமா?" என்று கேட்டார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் தாளின் மேல்தோலும் மையும் அதோடு வந்துவிடும். முடியாது என்று சொல்ல நேர்ந்தது. அவர் அந்தக் கடிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆகவே தயவுசெய்து எவரும் கடிதங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. குண்டூசி, ஸ்டேப்ளர் முள், கிளிப் ஆகியவற்றை மெதுவாகக் கழற்றுங்கள். துருப்பிடித்திருந்தால் இழுக்காமல், தாளை முள்ளிலிருந்து விலக்குங்கள். ரப்பர் பேண்டு வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிந்ததை ஒட்டுகிறேன் என்று மைதாப் பசை தடவாதீர்கள். நாங்கள் பைண்டிங்குக்குக் காய்ச்சும் பசையில் மயில்துத்தம் சேர்ப்போம், அப்படியும் பூச்சி வருகிறது. வெறும் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்துதான். மடிப்புகளை விரித்து, தாளைவிடச் சற்றுப் பெரிய, அமிலம் இல்லாத காகித உறைகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். உறை கிடைக்காவிட்டால் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றினாலும் போதும். செய்தித்தாளில் மட்டும் சுற்ற வேண்டாம், அதன் அமிலம் கடிதத்தையும் பழுப்பாக்கிவிடும்.

நம் ஊர் வெயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரண் காகிதத்துக்கு அடுப்பு மாதிரி. கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் வையுங்கள். தரை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் கவுண்டன்ய ஆற்றிலும் வெள்ளம் வந்தபோது, நனைந்த தாள்களைக் கட்டுக் கட்டாக என்னிடம் கொண்டுவந்தார்கள். நனைந்து ஒட்டிய தாள்களைப் பிரிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். கொஞ்சமாக இருந்தால் நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து உலர்த்துங்கள். நிறைய இருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைபெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் நிற்கும், பிறகு நிதானமாக ஒவ்வொரு கட்டாக எடுத்து வேலை பார்க்கலாம்.

வாலாசா ஐயாவின் படங்களுக்கும் சொல்கிறேன். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். கடிதமானால் உறையையும் சேர்த்து எடுங்கள். உறையில்தான் முத்திரை இருக்கிறது.

தொரப்பாடி:

எங்கள் தாத்தா தெருக்கூத்துக்குப் பாட்டு எழுதியவர். காலணாப் பாட்டுப் புத்தகங்கள் சிலவற்றை அச்சிட்டு விற்றிருக்கிறார். 1942 போராட்டத்தில் வேலூர் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச்சு வரை அதே சிறையில் இருந்த இராஜாஜி எழுதிய நாட்குறிப்பு அச்சேறி நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. தாத்தாவிடமிருந்து எங்களுக்கு எஞ்சியது ஒரே ஒரு கடிதம்தான்.

தணிக்கை முத்திரை குத்திய அந்தக் கடிதத்தில் மழை பெய்ததா, மல்லாட்டை (நிலக்கடலை) எப்படி விளைந்திருக்கிறது, மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பினீர்களா என்று கேட்டிருக்கிறார். நடுவில் மூன்று வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அந்த வரிகளில் அரசாங்கத்துக்கு எதிரான பாட்டு ஒன்று இருந்ததாக எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பேச்சு. அப்பா அதை நம்பியே காலமானார்.

அண்மையில் என் மகள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்து, அறையை இருட்டாக்கி, அலைபேசி விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தாள். தாத்தா பென்சிலை அழுத்தி எழுதுகிறவர். பின்பக்கத்தில் எழுத்துகளின் மேடு இடம்வலம் மாறித் தெரிந்தது. கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தோம். பாட்டு இல்லை. தம் கொட்டடியில் இருவர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்றும், அவர்கள் இன்னார், இன்ன ஊர் என்றும், வீட்டாருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். ஒருவரின் பெயர் முழுவதும் தெரிகிறது. மற்றவரின் பெயரில் முதல் எழுத்தும், ஊர்ப் பெயரில் 'பாடி' என்ற முடிவும்தான் தெரிகின்றன.

அந்தத் தகவல் அவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. பெயர் தெரிந்தவரின் ஊருக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணத்து அரசுக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் அக்காலச் சிறை தொடர்பானவற்றைப் பார்க்க விண்ணப்பித்திருக்கிறேன். அந்த இருவரும் பிழைத்தார்களா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயாவின் பேத்தி எழுதியதைப் படித்தபோது, மறைக்கப்பட்ட வரிகளில் இரண்டு வகை உண்டு என்று தோன்றியது. அவருடைய ஆயா தாமாக மறைத்தார். எங்கள் தாத்தாவின் வரிகளை அதிகாரம் மறைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது என்பது என் கருத்து.

ஆரணி நூலக வாசகர்:

ஆரணி குப்புசாமி முதலியாரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். 1925இல் மறைந்த அவர், ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகளாகவும் மர்மக் கதைகளாகவும் எழுதிக் குவித்தவர், 'ஆனந்தபோதினி' இதழோடு தொடர்புடையவர். தமிழ்நாட்டையே இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த ஒரு மனிதரின் பெயரில் நம் ஊர் இருக்கிறது. ஊரில் அவர் வாழ்ந்த தடத்தைத் தேடிக்கொண்டு போனால், பட்டு நெசவைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

ஒரு முதியவர் தம் தந்தை வைத்திருந்த நாவல் ஒன்றை எனக்குக் காட்டினார். அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில், அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தவர்கள் ஒவ்வொருவரும் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தறிக்காரர், கணக்குப்பிள்ளை, மளிகைக் கடைக்காரர், நடுவே குழந்தைக் கையெழுத்து போன்ற உருண்டை எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் 'பொய், இவள் படிக்கவில்லை, கதை கேட்டாள்' என்று எழுதிவைத்திருக்கிறார். அதற்குக் கீழே அவளே, 'படித்தேன்' என்று மறுபடி எழுதியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

இத்தகைய நாவல்களை உயர்ந்த இலக்கியம் அல்ல என்று ஒதுக்கியவர்களே அதிகம். கோட்டையூரில் இருந்துகொண்டு ரோஜா முத்தையா, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, மலிவு நாவல் என்று பேதம் பாராமல் சேர்த்ததால்தான், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக முடிந்தது. அட்டை போன புத்தகம்தானே என்று எதையும் தள்ளாதீர்கள்.

கோட்டைவெளி:

ஆயாவின் பேத்தி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் ஆயாவின் மனத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரிகள் இல்லாத கடிதம் அரைகுறைச் சான்றுதான். அந்த நாவலாசிரியரின் கடைசி நாவல் ஏன் முடிக்கப்படாமல் நின்றது என்பதற்கான விடை அங்கேயே இருக்கலாம். கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம் என்றாலும், அதில் உள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது என்பதால், அச்சிடுவதற்கு அவர்களின் இசைவும் வேண்டும். அது வேறு செய்தி. படித்துப் படி எடுத்து வைப்பதற்கு என்ன தடை? இன்னும் ஒரு தலைமுறை போனால் மையும் மங்கிவிடும், அந்த வரிகளின் பொருளைச் சொல்ல ஆளும் இருக்காது. தொரப்பாடி நண்பர் சொல்லும் பாகுபாடு உணர்ச்சிக்குப் பொருந்துகிறது, ஆய்வுக்குப் பொருந்தவில்லை.

திருப்பத்தூர் ஆசிரியர்:

மு. வரதராசனார் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகவும் பின்னர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றிய ஊர் எங்களுடையது. அவர் பிறந்த நாள் 1912 ஏப்ரல் 25 என்று எல்லோரும் அறிவோம். அவரைப்போலப் புகழ் அடையாதவர்களுக்கு அந்த உறுதிகூட வாய்ப்பதில்லை.

இங்குள்ள ஒரு கவிஞரின் நூற்றாண்டுக்காகப் பிறந்த தேதி தேடியபோது, வீட்டார் மார்கழி என்றார்கள், ஓய்வூதியப் புத்தகத்தில் சூன் மாதம் இருந்தது. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் பெயரும் அவருடைய தம்பியின் பெயரும் ஒரே நாளில், அடுத்தடுத்த வரிகளில் பதிவாகியிருந்தன. அண்ணன் சூன் மாதம் பிறந்ததாகவும், தம்பி அதே ஆண்டு நவம்பரில் பிறந்ததாகவும் எழுதியிருந்தது. ஒரே தாய் வயிற்றில் ஐந்து மாத இடைவெளி! சேர்க்க வந்தவர் சொன்ன வயதை வைத்துத் தலைமையாசிரியர் ஏதோ ஒரு தேதியைப் போட்டிருக்கிறார். அந்தத் தேதிதான் சான்றிதழுக்குப் போய், பணிப்பதிவேட்டுக்குப் போய், அவருடைய நூல்களின் பின்னட்டைக்கும் போயிருக்கிறது. கோட்டைவெளி அவர்களே, முத்திரை உள்ள காகிதம் எல்லாம் உண்மை சொல்லும் என்று நம்பாதீர்கள். இந்தக் கவிஞர் விஷயத்தில் மார்கழி என்று சொன்ன அவருடைய தங்கையின் நினைவைத்தான் நான் நம்புகிறேன், ஏனெனில் திருவாதிரைக் களி கிண்டிய அன்று பிறந்தான் என்று அவர் தாய் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அதே பக்கத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'பீடி' என்ற ஒற்றைச் சொல் இருந்தது. அவர் வாழ்நாளில் எழுதிய எந்தத் தன்வரலாற்றுக் குறிப்பிலும் இது இல்லை. பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். குடும்பத்தாரைக் கேட்ட பிறகுதான் நூற்றாண்டு மலரில் சேர்ப்பேன்.

ஆயாவின் பேத்தி:

கோட்டைவெளி ஐயா, மறுமொழி சொல்லத் தாமதமாகிவிட்டது. ஆயா போன ஆண்டு தவறிவிட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் படித்துவிட்டேன். நாவல் ஏன் நின்றது என்பதற்கும் அந்த வரிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவை மூன்றாம் மனுசி ஒருவரைப் பற்றியவை. அவருடைய மகள் இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார், கடைத்தெருவில் எதிரே வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். எழுதியவரின் வாரிசுகள் இசைந்தாலும், நூலகம் இசைந்தாலும், அவரைக் கேட்காமல் அதை வெளியிடும் உரிமை எனக்கு உண்டென்று நான் நினைக்கவில்லை. ஆய்வு என்று சொல்லிவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிட வேண்டும் என்பதையும் நான் ஏற்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதில் மை மங்கிவிடும் என்ற பகுதி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஆகவே கடிதங்கள் அனைத்தையும் உறைகளோடு ஸ்கேன் எடுத்து, மூலங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்த ஒரு கடிதம் மட்டும் ஒட்டிய உறையில், அந்த மகளின் காலத்துக்குப் பிறகே திறக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு போகிறது; நிபந்தனையை எழுத்தில் வைத்து இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறோம். அதோடு, ஆயா என்னென்ன எழுதினார் என்று தம் கடைசி நாட்களில் எனக்குச் சொன்னவற்றைக் கடிதம் கடிதமாக ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த நோட்டையும் அதே பெட்டியில் வைத்தால்தான் மற்றவற்றைக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். நூலகத்தார் முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். பட்டியலில் ஆயாவின் பெயர் பெறுநர் என்ற தலைப்பின் கீழ் மட்டும் இருந்தது. எழுதியவர்கள் என்ற தலைப்பிலும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் அனுப்பியிருக்கிறேன்.